கொடையில வில்லுப்பாட்டு: கதைய எந்த எடத்துல வெட்டலாம்?

தென்கரைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ஆவணியில எங்க ஊரு சுடலைமாடசாமிக்குக் கொடை, அதாவது கோயில் திருவிழா. வரி பிரிக்கிறது, மேளம் பேசுறது, பந்தல்காரருக்கு அட்வான்ஸ் குடுக்கிறதுன்னு எல்லாப் பொறுப்பும் இந்த வருஷம் எங்க வயசு ஆளுங்க தலையில விழுந்திருக்கு. பெரியவங்க பின்னாடி உக்காந்து குத்தம் மட்டும் சொல்லுவாங்க, அது தெரிஞ்ச சங்கதிதான்.

பிரச்சினை வில்லுப்பாட்டுல வந்து நிக்கி. முன்னாடியெல்லாம் ராத்திரி 9 மணிக்கு வில்லு வச்சா விடியக்கொடை முடியுற வரைக்கும் ஓடும். இப்ப ஸ்டேஷன்ல அனுமதி வாங்கும்போதே 10 மணிக்கு ஒலிபெருக்கிய அணைக்கணும்னு எழுதி வாங்கிக்கிடுதாங்க. அதனால சாயங்காலம் 7 மணிக்கே உக்கார வச்சு 10 மணிக்குள்ள கதைய முடிச்சிருவோம், அதுக்கு மேல மேளமும் சாமியாட்டமும் போதும்னு ஒரு கட்சி. மூணு மணி நேரத்துல முடிச்சா அது சுடலை கதையே இல்லைன்னு இன்னொரு கட்சி. மூணாவதா ஒரு கூட்டம் இருக்கு: வில்லே வேண்டாம், அந்தத் துட்டுல ஆடல் பாடல் வைப்போம்னு. அவங்கள இப்போதைக்கு அடக்கி வச்சிருக்கோம்.

விடிய விடிய கேட்டு வளந்தவங்க, பாடுற செட்டுல இருக்கவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. வெட்டித்தான் ஆகணும்னா எந்த எடத்துல கை வைக்கலாம், எதுல வைக்கவே கூடாது? வில்லுல தலைமையாப் பாடுற அண்ணாவிகிட்ட போயி "சுருக்கமாப் பாடுங்க"ன்னு மொட்டையாச் சொன்னா அவரு முகம் கோணிரும்.

மெட்ராஸ்_மாடி

இதுல யோசிக்க என்ன இருக்கு? வெட்டுங்க. நானும் ஆத்தங்கரை ஆளுதான், சொல்ல உரிமை உண்டு. எங்க ஊர் கொடையில ராத்திரி ரெண்டு மணிக்குப் பந்தல்ல முழிச்சிருக்கது அண்ணாவி, சுக்குக்காப்பிக்காரர், நாலு ஆச்சிமார். மத்த சனம் பாயை விரிச்சுத் தூங்குது. தூங்குறவனுக்குக் கதை சொல்லி என்ன புண்ணியம்? கதையும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். யூடியூப்ல பல செட் பாடினது கிடக்கு, வேணுங்கிறவன் கேட்டுக்கிடட்டும்.

குடம்_உருட்டி

நான் பாடுறவன் இல்ல, குடம் அடிக்கிறவன். அதனால அண்ணாவி சார்பா பேசுறேன்னு நினைக்க வேண்டாம், எனக்கும் அவருக்கும் ஆயிரம் பஞ்சாயத்து இருக்கு.

மெட்ராஸ் அண்ணாச்சி சொல்றதுல ஒண்ணு சரி, கதை எல்லாருக்கும் தெரியும். புதுக்கதை கேக்க யாரும் கொடைக்கு வரல. பந்தல்ல தூங்குறவங்களுக்காகப் பாடுறதா இருந்தா நாங்க என்னைக்கோ கடையைக் கட்டியிருக்கணும். வில்லு சன்னதிக்கு எதிர்ல, சாமியைப் பாத்து வைக்கிறது. கேக்க வேண்டியவரு உள்ள முழிச்சுத்தான் இருக்காரு.

ஒரு ராத்திரி எப்படிப் போகும்னு சொல்றேன், எங்க வெட்டலாம்னு உங்களுக்கே தெரிஞ்சிரும். மொதல்ல காப்பு. பிள்ளையாரு, சரஸ்வதி, குரு எல்லாத்தையும் கும்பிட்டு "தந்தனத்தோம்"னு எடுக்கிறது. அப்புறம் அவையடக்கம். அதுக்கப்புறம் நாட்டு வளம். கயிலாய மலை, அருவி, சோலை, மயிலு குயிலுன்னு அண்ணாவிக்குத் தொண்டை நல்லா இருந்தா முக்கா மணி நேரம் இழுக்கும். உண்மையைச் சொன்னா அது சனம் சாப்பிட்டு வந்து எடம் பிடிக்கிற நேரம். இங்க தாராளமாக் கை வைக்கலாம்.

நடுவுல வசனத்துல வர்ற நொட்டை நொடிசல், ஊர்ப் பெரிய மனுஷனை இழுத்துக் கிண்டல் பண்றது, அன்பளிப்புக் குடுத்தவர் பேரச் சொல்லி அவரு பாட்டன் பூட்டன் வரைக்கும் வாழ்த்துறது, இதையும் ஒரு நாள் மணியப் பாத்துக் கணக்குப் போடுங்க. அன்பளிப்பு வாசிக்கிறதை நிறுத்தினாலே ஒரு படலம் பாடுற நேரம் மிச்சமாகும். (செட்டுக்காரங்க இதைப் படிச்சா என்னை உதைக்க வருவாங்க. எங்களுக்குக் கையில காசு வர்றதே அதுலதான்.)

கை வைக்கக் கூடாததுன்னா, பார்வதியம்மை விளக்குச் சுடர்ல பிள்ளை வரம் வாங்குறது. அந்தப் பிள்ளை ராத்திரி தொட்டில்ல இருந்து எறங்கிப் போயி, சுடுகாட்டுல எரியுற பொணத்தைத் தின்னுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து படுத்துக்கிடுறது. பிள்ளை வாயில பொணவாடைன்னு அம்மை கண்டுபிடிக்கிறது. கயிலாயத்துல வச்சிருக்க முடியாதுன்னு வரத்தைக் குடுத்துப் பூலோகம் அனுப்புறது. பிறகு மலையாளத்து மந்திரவாதி காளிப்புலையன், அவன் மகள். மகளையே பலியாக் கேக்குற எடம்.

அந்த எடம் வரும்போது அண்ணாவி கண்ணு ஏட்டுலயும் இருக்காது, சனத்து மேலயும் இருக்காது. சாமியாடி காலு மேல இருக்கும். அவரு பாட்டுக்குத் தூணைப் பிடிச்சுக்கிட்டு சும்மாதான் நிப்பாரு. காலு பெருவிரல் தரையில ஊன ஆரம்பிச்சதும் அண்ணாவி வில்லை அடிக்கிற வீசுகோலைக் கொஞ்சம் தூக்கி எனக்கு ஒரு சாடை காட்டுவாரு. உடனே கையில இருக்க பத்தி மட்டையால குடத்து வாயில போடுற அடியக் கொறைச்சு, கழுத்துல காசால தட்டுறதைக் கூட்டணும். உடுக்கு ஏறும். வசனம் நின்னு போகும். சாமிய வரவழைக்கிற வரத்துப் பாட்டு மட்டும்தான், அதே நாலு வரி திரும்பத் திரும்ப. சில நாள் பத்து நிமிஷத்துல சாமி எறங்கும், சில நாள் ஒரு மணி நேரம் ஆகும். விரல்ல ரத்தம் கட்டிப் போயிரும். அந்த நேரத்துல கடிகாரத்துக்கு வேலை கிடையாது.

இப்ப நீங்க 10 மணிக்கு எல்லாத்தையும் முடிக்கணும்னா வரத்துப் பாட்டு ஒம்பதரைக்கே வந்தாகணும். நடுராத்திரிப் பூசையான சாமக்கொடை 12 மணிக்கு. ரெண்டரை மணி நேரம் முன்னாடியே சாமி வந்து எங்க உக்காரும்? உங்க சிக்கல் இதுதான், கதையோட நீளம் இல்ல.

பூவரசம்பூ

பாளையங்கோட்டையில் நாட்டார் வழக்காற்றியல் படித்தவள் நான். குடம்_உருட்டி அண்ணன் சொன்னதைத்தான் எங்கள் வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் படித்தோம். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்கிற ஆய்வாளர் குமரி, நெல்லைப் பக்கம் தங்கிக் கொடைகளைப் பார்த்து எழுதிய நூல் 1988-இல் வந்தது. வில்லுப்பாட்டுக் கதைகளை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். சுடலை, சாஸ்தா போலக் கயிலாயத்தில் பிறந்து வருகிறவர்களின் கதைகள் ஒரு வகை. நம் மண்ணில் மனிதராக வாழ்ந்து, அநியாயமாக வெட்டுப்பட்டும் குத்துப்பட்டும் செத்துத் தெய்வமானவர்களின் கதைகள் இன்னொரு வகை. இரண்டாவது வகையில் ஆட்டம் உச்சத்துக்குப் போவது அந்தச் சாவைப் பாடும்போதுதான். எனவே எந்தக் கதை என்பதைப் பொறுத்து வெட்டக்கூடாத இடமும் மாறும். இறந்துபட்டவர் கதையில் சாவுக்கு முந்திய அரை மணி நேரம்தான் உயிர்.

ஆனால் ஒன்று. கதையை வெட்டுவதும் ஒட்டுவதும் நேரத்துக்காக மட்டும் நடக்கிற காரியம் இல்லை. முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனாகப் பிறந்தவன், காட்டில் பாட்டுச் சத்தம் கேட்டுப் போய், வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் பார்க்கிறான். பெண் கேட்கிறான். பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்தால் தருகிறேன் என்கிறார் வாலப்பகடை. அப்படியே செய்கிறான். கடைசியில் மாமனாரின் மாடுகளை மீட்கப் போய்க் குத்துப்பட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக நிற்பது இவன்தான். இன்றைக்கும் அங்கே நேர்ச்சையாகச் செருப்புத்தான் கட்டுகிறார்கள். ஆடி அமாவாசைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கதையைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்து 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கதையின் சில வடிவங்களில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தார் என்று ஒரு பகுதி வரும். அது பின்னால் செருகியது என்று அவர் வாதிட்டார். நானும் அதையே நம்புகிறேன். அந்த ஒட்டைப் போட்டுவிட்டால் பட்டன் செய்த காரியத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. செருப்பு மட்டும் அங்கே தொங்கிக்கொண்டிருக்கும், ஏன் என்று யாருக்கும் தெரியாது.

தென்கரைக்காரன் தம்பி, நீங்கள் கை வைக்கப் போகிற சுடலை கதையிலும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. காளிப்புலையன் படலத்தில் சிரிப்புக்காகச் சாதிப் பெயரை வைத்து வசனம் பேசுகிற செட்டுகள் உண்டு. அது பழைய ஏட்டில் இருக்கிற பாட்டு இல்லை, மேடையில் சேர்ந்த அழுக்கு. வெட்டுவதை அங்கிருந்து தொடங்குங்கள்.

தென்கரைக்காரன்

அக்கா, அந்த வசனம் எங்க ஊர்லயும் பேசுவாங்க. கீழத்தெருக்காரங்க அந்த நேரம் எந்திரிச்சுப் போறதை நான் சின்ன வயசுல பாத்திருக்கேன், ஏன்னு அப்ப வெளங்கல. அண்ணாவிகிட்ட மொதல்ல இதைத்தான் சொல்லப் போறேன்.

மட்டுறுத்துநர்

இதற்குக் கீழே வந்த சில பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்தக் கதை எந்தச் சாதிக்குச் சொந்தம் என்கிற சண்டைக்கு இந்த இழை இடமில்லை. பாட்டைப் பற்றிப் பேசுங்கள்.

செய்யாறு_வாத்தியார்

வடக்கத்தி ஆள் நான், வில்லுப்பாட்டை நேரில் அதிகம் கேட்டதில்லை. எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதம்தான். நீங்கள் ஒரே ராத்திரிக்குள் அடைக்கப் பார்ப்பதை எங்கள் ஊர்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்று சொன்னால் உதவலாம்.

எங்களிடம் கதை இரண்டு தடவை நடக்கும். மத்தியானம் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைப் படித்து விளக்கம் சொல்வார். நிதானமாக, ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் கலந்து சொல்வார். ராத்திரி கூத்து. பகலில் காதால் கேட்டதில் ஒரு துண்டைத்தான் ராத்திரி கண்ணால் பார்ப்பது. துகிலுரிதல் ஒரு ராத்திரி, அர்ச்சுனன் தபசு ஒரு ராத்திரி, அபிமன்னன் சண்டை ஒரு ராத்திரி, கர்ண மோட்சம் ஒரு ராத்திரி. முழுக்கதையைச் சொல்லுகிற சுமையைப் பிரசங்கியார் தூக்கிக்கொள்வதால், கூத்துக்காரர் ஒரே ஒரு கட்டத்தை ராத்திரி முழுக்க நீட்டலாம். மர அணிகளான கட்டை கட்டிக்கொண்டு துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று தன் பெயரைச் சொல்லிப் பாடி, திரையை விலக்கி வெளியே வரவே அரை மணி நேரம் ஆகும். கோமாளியான கட்டியங்காரன் அதற்குள் பத்துக் கேள்வி கேட்டு அவன் மானத்தை வாங்கியிருப்பான்.

தபசு அன்றைக்கு நடுக்களத்தில் உயரமான மரத்தை நட்டு ஏணிப்படி மாதிரி கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடி மேலே ஏறுவார். மேலே போனதும் எலுமிச்சம்பழம், பூ, விபூதி எல்லாம் கீழே போடுவார். பிள்ளை வரம் வேண்டி ஈரச்சேலையோடு பெண்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு கீழே நிற்பார்கள். அந்த இடத்தில் போய் "பாட்டைச் சுருக்குங்க சார்" என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? படிக்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான்.

கடைசி நாள் படுகளம். கூத்து மேடையை விட்டே இறங்கிவிடும். களிமண்ணால் துரியோதனனைப் பெரிய உருவமாகக் கிடத்தியிருப்பார்கள். அவனைச் சுற்றிச் சுற்றிச் சண்டை நடந்து, பீமன் தொடையில் அடிப்பான். அந்தத் தொடையில் வைத்த சிவப்பை எடுத்துத் திரௌபதிக்குக் கூந்தல் முடிப்பார்கள். அதற்கப்புறம் சாயங்காலம் தீமிதி. முந்திய ராத்திரிகளில் துகிலுரிதல் பார்க்காதவனுக்கு அந்தக் கூந்தல் முடிப்பு வெறும் சடங்கு. பார்த்தவர்களுக்கு அழுகை வரும்.

எங்களிடமும் குறைந்துகொண்டுதான் வருகிறது. வசூல் குறைந்த ஊர்கள் ராத்திரிகளின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன. ஆனால் ஒரு ராத்திரியைப் பாதியாக வெட்டுவது அபூர்வம். ஆளைக் குறைக்கலாம், நாளைக் குறைக்கலாம், எடுத்த கட்டத்தை அரைகுறையாக விடக்கூடாது என்பது எங்கள் வாத்தியார்கள் பிடிவாதம்.

காங்கயம்காளை

வாத்தியார் படுகளம்னு சொன்னதும் எங்கூரு ஞாபகம் வந்துருச்சுங்க. எங்க கொங்குப் பக்கம் அண்ணன்மார் சாமி கதை, பொன்னர் சங்கர். வில்லு கெடையாதுங்க, உடுக்கைதான். பாடுறவரு ஒருத்தரு, கூடப் பாட ஒருத்தரு. அவிய அப்பன் ஆத்தா குன்னுடையான் தாமரை கதையில ஆரம்பிச்சு, வேட்டுவரோட சண்டை, பன்னி வேட்டைன்னு பல ராத்திரி போகும். கனடாவுல இருந்து பிரெண்டா பெக்குன்னு ஒரு அம்மா 1965-ல காங்கயம் பக்கத்துல ஓலப்பாளையத்துல தங்கி இந்தக் கதைய முழுசா டேப்புல புடிச்சிருக்காங்க. அந்த டேப்பு இல்லீன்னா முழு நீளம் என்னன்னே இன்னைக்குப் பேச முடியாதுங்க.

படுகளம் அன்னிக்குக் கதையக் கேக்குறவங்க ஆரு, நடிக்கிறவங்க ஆருன்னு பிரிக்க முடியாது. சங்கர் சாகுற எடத்தைப் பாடும்போது கூட்டத்துல நிக்கிற ஆளுங்க அப்படியே சாஞ்சு விழுவாங்க. பொணமாட்டம் வரிசையாப் படுக்க வச்சுத் துணி போத்தீருவாங்க. அப்புறம் அவிய தங்கச்சி தங்காள் வந்து அழுது, தீர்த்தம் தெளிச்சு எழுப்பணும். அந்த ஒப்பாரிய முழுசாப் பாடாம எழுப்ப முடியாதுன்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க. விழுந்து கெடக்குறவன் வீட்டுல பொண்டாட்டி புள்ளைங்க பக்கத்துல நின்னு பாத்துட்டு இருக்கும்ங்க. பாட்டு முடியோணும், ஆளு எந்திரிக்கோணும். அவிய பயம் அவியளுக்கு. மாசியில வீரப்பூர் போயிப் பாருங்க, மணப்பாறை பக்கம்தான்.

முளைப்பாரி

ரொம்ப நேரமா படிச்சிட்டிருக்கேன். அண்ணாவி, வாத்தியார், உடுக்கைக்காரர், சாமியாடி. எல்லாம் ஆம்பளைங்க, எல்லாம் சம்பளம் வாங்குற ஆளுங்க. கோயில் திருவிழாவுல கதை சொல்றது இவங்க மட்டும்தானா?

எங்க கரிசல் காட்டுப் பக்கம் பொங்கலுக்கு முளைப்பாரி போட்டா, பாரி வளர்ற வீட்டு வாசல்ல ராத்திரிக்கு ராத்திரி கும்மி. மைக் இல்ல, பந்தல் இல்ல, எங்களுக்கு ஒரு டீ கூடக் கமிட்டி வாங்கித் தந்ததில்ல. ஒருத்தி எடுத்துக் குடுப்பா, மத்தவங்க திருப்பிப் பாடிக்கிட்டே குனிஞ்சு நிமிந்து அடிக்கணும். அதுல கதை இருக்கு. இன்னைக்கு விட்ட எடத்துல இருந்து நாளைக்கு எடுப்போம்.

நல்லதங்காள் கதைய நான் கத்துக்கிட்டதே அப்படித்தான், எங்க பெரியாத்தா பாடி. பஞ்சத்துல ஏழு பிள்ளையக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்கு வர்றா. அண்ணன் ஊர்ல இல்ல. அண்ணி மூளி அலங்காரி சமைச்சுக்கோன்னு பச்சை வெறகையும் ஓட்டைப் பானையையும் எடுத்துக் குடுப்பா. அந்த எடத்துல பெரியாத்தா கும்மியை நிறுத்திருவா. நிறுத்தி, வட்டத்துல நிக்கிற மருமக்கமாரை ஒவ்வொருத்தியாப் பாப்பா. யாரும் மூச்சு விட மாட்டாங்க. அப்புறம்தான் அடுத்த அடி. மேடையில இப்படிப் பண்ண முடியுமா? அந்தப் பார்வை யாருக்குன்னு எங்களுக்குத் தெரியும், மேடையில பாடுறவருக்கு எங்க வீட்டுச் சங்கதி என்ன தெரியும்?

அர்ச்சுனாபுரத்துல, வத்திராயிருப்புக்குப் பக்கத்துல, நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கு. ஏழு பிள்ளையையும் போட்ட கிணறுன்னு காட்டுவாங்க.

இன்னொண்ணு, வில்லும் ஆம்பளைங்க சொத்து இல்ல. கொட்டாரம் பூங்கனியம்மா வில்லுல உக்காந்து வீசுகோலைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சுப் பாடினதைப் பாத்தவங்க குமரிப் பக்கம் இன்னும் இருக்காங்க. 2018-ல இறந்துட்டாங்க. கடைசிக் காலத்துல அவங்க இருந்த நிலைமை எல்லாருக்கும் தெரியும், அதைப் பேச ஆரம்பிச்சா இழை திசை மாறிரும்.

மெட்ராஸ்_மாடி

சரி, நான் வெறும் எண்ணெய் ஊத்தினேன், இவ்வளவு வெளிச்சம் வரும்னு நினைக்கல. ஆனா என் கேள்விக்கு இன்னும் பதில் வரல. சாமி கேக்கும்னு சொல்றீங்க, சாமி வரி குடுக்குமா? வரி குடுக்கிறது திருப்பூர்லயும் சென்னையிலயும் வேலை பாக்குற பயலுவ. வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வர்றான், அவனுக்கு ஆட்டம் வேணும். ஐகோர்ட்டு மதுரைக் கிளையில ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டு வருஷா வருஷம் மனுவாப் போடுறாங்கன்னா சும்மாவா?

கோர்ட்டுக்காரன்

அந்த மனுக்களைப் பார்க்கிற தொழிலில் இருக்கிறேன். ஆபாசம் கூடாது, சாதிப் பாட்டு கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்கணும் என்று நிபந்தனை போட்டுத்தான் உத்தரவு வரும். வில்லுப்பாட்டுக்கு ஒலிபெருக்கி விதியோடு மட்டும்தான் தகராறு.

விதி இதுதான்: 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் கொடை அந்த 15 நாளுக்குள் வரும் என்று நம்பி இருக்க வேண்டாம். சாமக்கொடைக்கு அதுவும் பத்தாது.

மீன்பாடும்_தேன்நாடு

நான் மட்டக்களப்பு. எங்கட பக்கத்திலயும் இதே வழக்குத்தான். வட்டக்களரி கட்டி விடிய விடிய ஆடின வடமோடிக் கூத்தை, 1960-களில பேராதனையில பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஒரு மாலைக்குள்ள அடங்குற மேடைக் கூத்தாச் சுருக்கினவர். சனம் வந்து பார்த்தது, படிச்ச ஆக்கள் மத்தியில கூத்துக்கு ஒரு மதிப்பும் வந்தது. நான் அதைக் குறை சொல்ல மாட்டன். ஆனா ஊர்க் களரி அந்த அளவுக்குத் தன்னை வெட்டிக்கொள்ளேல்ல. மேடைக்கு ஒண்டு, ஊருக்கு ஒண்டு எண்டு ரெண்டும் வேற வேறயா ஓடினது.

வைகாசியில கண்ணகை அம்மன் கோயில்களில வழக்குரை பாடுவம். அது ஏட்டைப் பாத்துப் பாடுறது, ஆட்டம் இல்லை. கடைசியில குளிர்த்தி பாடித்தான் அம்மனைக் குளிர வைக்கிறது. மதுரையை எரிச்சவளைக் குளிர்த்தாம அரைவாசியில விட்டுட்டுப் போக எங்கட ஆக்கள் துணிய மாட்டினம். உங்கட தம்பிக்கு நான் சொல்லுறது இதுதான்: மேடைக்குச் சுருக்குற கதையையும் கோயிலுக்குப் பாடுற கதையையும் ஒரே கதையா நினைச்சு ஒரே கத்தியால வெட்ட வேண்டாம்.

குடம்_உருட்டி

மட்டக்களப்பு அண்ணன் சொன்னதுதான் எனக்கும் ரெண்டு நாளா மனசுல ஓடிக்கிட்டு இருக்கு. கதைய ரெண்டாப் பிரிங்க தம்பி.

மைக் எப்ப வந்துச்சு? எங்க தாத்தா காலத்துல பெட்ரோமாக்ஸ்தான், மைக்கே கிடையாது. பனங்கம்பு வில்லு, தோல் நாண், அதுல கட்டின மணி. வீசுகோல் நாண்ல விழுந்தா அந்தச் சத்தம் ஊரு எல்லை வரைக்கும் போகும். குடத்தை வைக்கோல் பிரிமணையில உக்கார வச்சு அடிச்சா அடிவயித்துல அதிரும். இப்ப நாலு மைக்கை முன்னாடி வச்சுக்கிட்டு, எதிரொலி கூட்டி, அண்ணாவி தொண்டையைச் சிக்கனமாச் செலவு பண்றாரு. பக்கத்துல குடம் அடிக்கிற எனக்கே என் குடம் கேக்கிறதில்ல.

7 மணிக்கு மைக்கோட ஆரம்பிச்சு, பிறப்பு, சுடுகாடு, வரம் வாங்குறது வரைக்கும் பாடி, சாமி கயிலாயம் விட்டு எறங்கிட்டாருன்னு சொல்லி 10 மணிக்கு வில்லை இறக்கிருங்க. திருப்பூர்ப் பயலுவளும் கேக்கட்டும், சின்னப் பிள்ளைகளும் கேக்கட்டும். பொணந்திங்கிற எடம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பதினொண்ணரைக்குத் திரும்ப உக்காந்து, மைக் இல்லாம மலையாளம் போறதையும் காளிப்புலையனையும் வரத்துப் பாட்டையும் பாடுங்க. அந்த நேரத்துல முழிச்சிருக்கது சாமியாடியும் வேண்டுதல் உள்ள சனமும்தான். பத்தடி தூரத்துல நிக்கிறவங்களுக்கு எதுக்கு மைக்?

உங்க ஊர்ல கணியான் கூத்தும் உண்டுன்னா அவங்களையும் சேத்துப் பேசிக்கிடுங்க. அவங்க அடிக்கிற மகுடப் பறை ரெண்டும் உச்சமும் மந்தமுமா எறங்கி அடிக்கும்போது பக்கத்துல குடம் எடுபடாது. கணியான் தன் கையைக் கீறி ரத்தம் குடுக்கிற கைவெட்டுக்கு எந்திரிக்கிற நேரம் நாங்க நிறுத்திக்கிடுவோம், அது அவங்க நேரம். இந்த ஒழுங்கை முன்னாடியே பேசலைன்னா நடுராத்திரி அண்ணாவிக்கும் கணியான் அண்ணாவிக்கும் சண்டை வந்திரும், நான் பாத்திருக்கேன்.

கோர்ட்டுக்காரன்

ஒரு எச்சரிக்கை மட்டும். 2010 திருத்தத்தில் இசைக்கருவியும் சேர்ந்தாச்சு, திறந்த வெளியில் ராத்திரி வாசிப்பதும் விதிக்குள் வரும். நடைமுறையில் புகார் வருவதெல்லாம் ஊரை நோக்கிக் கட்டின கொம்பு ஒலிபெருக்கிக்குத்தான். பக்கத்து வீட்டில் நோயாளி, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் முன்கூட்டியே போய்ப் பேசிவிடுங்கள். ஸ்டேஷனை விட அதுதான் முக்கியம்.

தென்கரைக்காரன்

நேத்து சாயங்காலம் அண்ணாவி வீட்டுக்குப் போயிட்டு வந்தோம். ரெண்டாப் பிரிக்கிறதுன்னு சொன்னதும் கொஞ்ச நேரம் வெத்தலையை மடிச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் "எங்கப்பா அப்படித்தாம்ல பாடுனாரு"ன்னு ஒத்துக்கிட்டாரு. சாதி வசனத்தைப் பத்திச் சொன்னேன். அது பின்பாட்டுக்காரன் சேக்கிறது, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னாரு. நான் நம்பல, ஆனா பேச மாட்டோம்னு வாக்கு குடுத்திருக்காரு. அன்பளிப்பு வாசிக்கிறதை மட்டும் விட முடியாதாம். பத்து மணிக்கு மொத்தமா ஒரே மூச்சுல வாசிக்கிறதுன்னு முடிவு.

அவரு போட்ட நிபந்தனை: ஜெனரேட்டர் கோயிலுக்குப் பின்னால இருக்கக் கூடாது, மைக் இல்லாத நேரம் அந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்காது, கம்மாக்கரைக்குத் தள்ளி வைக்கணும். பந்தலை சன்னதிக்கு ஒட்டிப் போடணும். பின்பாட்டுக்கு ரெண்டு ஆளு கூட வேணும், அதுக்குத் துட்டும் கூட. ஆடல் பாடல் கட்சி இதைக் கேட்டுட்டு முறைச்சிட்டுப் போயிருக்கு, அதைத் தனியாப் பாக்கணும்.

முளைப்பாரி அக்கா, எங்க ஊர்ல கும்மி நின்னு போயி ரொம்ப நாளாச்சு. பத்து மணியில இருந்து பதினொண்ணரை வரைக்கும் களம் சும்மாத்தான் கெடக்கும். எங்கம்மாகிட்ட சொன்னேன், "டீ வாங்கித் தருவீங்களால?"ன்னு கேக்காங்க.

குடம்_உருட்டி அண்ணாச்சி, எங்க அண்ணாவி செட்டுல குடம் அடிக்கிறவருக்குக் கையில கட்டு. ஆவணி ரெண்டாம் வெள்ளி சும்மா இருக்கீங்களா?

குடம்_உருட்டி

அன்னைக்கு நாங்குநேரிப் பக்கம் அட்வான்ஸ் வாங்கியாச்சு தம்பி. என் அக்கா மகன் வருவான், நல்லா அடிப்பான். பஸ் செலவும் சம்பளமும் அவன்கிட்டயே பேசிக்கிடுங்க, தனிச்செய்தியில நம்பர் அனுப்புறேன். குடம் உங்க ஊர்க் குயவர்கிட்டயே ரெண்டு சொல்லி வச்சிருங்க, பஸ்ல கொண்டு வந்தா உடைஞ்சிரும். வாய் குறுகலா, வயிறு பெருசா இருக்கணும், அதையும் சொல்லிருங்க.